தெரிந்த முகமுள்ள சொற்கள்

நம் ஊர்களில் வீட்டு வாசலுக்கு முன்னால் காரை நிறுத்தி, மழையில் நனையாமல் இறங்கி உள்ளே போவதற்காகக் கூரையை நீட்டிக் கட்டியிருப்பார்கள். அதைப் போர்டிகோ என்கிறோம். அமெரிக்கக் கட்டட வரைபடங்களில் அந்த இடத்துக்குப் பெயர் போர்ட்-கொஷேர். பிரெஞ்சுச் சொல்தான், எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் பாரிஸில் ஒருவரிடம் போர்த்-கொஷேர் எங்கே என்று கேட்டால் அவர் கூரையைக் காட்டமாட்டார். தெருவை ஒட்டிய சுவரில் இருக்கும் பெரிய இரட்டைக் கதவைக் காட்டுவார். குதிரை வண்டி தெருவிலிருந்து திரும்பி, அந்த வாயில் வழியே நேராக முற்றத்துக்குள் நுழையும். அதற்காகத்தான் அவ்வளவு உயரமும் அகலமும். வண்டிக்கதவு என்பதே சொல்லின் பொருள். அட்லாண்டிக்கைத் தாண்டியபோது கதவு போய்விட்டது, கூரை மிஞ்சியது.

பழைய பாரிஸ் வீடு ஒன்றைப் பற்றிய நூலை ஆங்கிலமாக்குபவர் இந்தச் சொல்லை அப்படியே விட்டுவைத்தால், அமெரிக்க வாசகரின் மனத்தில் தெருக்கதவு மறைந்து, முற்றத்துக்கு நடுவே ஒரு முகப்புப் பந்தல் முளைக்கும். மொழிபெயர்த்தவரோ மூலத்துக்கு உண்மையாக இருந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார்.

பிரெஞ்சுக் கட்டட, தோட்டச் சொற்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதில் எது கடினம் என்று கேட்டால், நிகர்ச்சொல் இல்லாதவையே என்று பலரும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கட்டடத்தைத் தூக்கி நிறுத்தும் ஒல்லித் தூண்களுக்கு 'பிலோத்தி', சண்டிகர் கட்டடங்களில் வெயிலைத் தடுக்கும் கான்கிரீட் மறைப்புக்கு 'ப்ரீஸ்-சொலெய்' என்றெல்லாம் ஆங்கிலம் அப்படியே எடுத்துக்கொண்டது. யாருக்கும் கெடுதல் வரவில்லை. புரியாத சொல் எதிரே வந்தால் மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார், படத்தைத் தேடிப் பார்க்கிறார். தெரிந்த முகமாக வரும் சொல்லுக்கு முன்னால் யாரும் நிற்பதில்லை. தவறு அங்கேதான் நுழைகிறது.

இந்த இரு மொழிகளுக்கும் இடையே தெரிந்த முகங்கள் மிக அதிகம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, கல்லால் கட்டுவோரின் சொற்களும் அவர்களோடு வந்து குடியேறின. கோட்டையைக் குறிக்கும் 'காஸல்' அப்படி வந்தது. பல நூற்றாண்டுகள் கழித்து அதே வேரிலிருந்து 'ஷாத்தோ' இரண்டாம் முறையாக வந்தது. இன்று ஆங்கிலத்தில் முதலாவது மதிலும் அகழியும் உள்ள கோட்டை, இரண்டாவது பிரான்ஸின் நாட்டுப்புற மாளிகை. பிரெஞ்சிலோ இரண்டுக்கும் ஒரே சொல்தான். வெர்சாய் அரண்மனையும் அங்கே ஷாத்தோதான். ஆங்கிலம் அதைப் 'பேலஸ்' என்று சரியாகவே மாற்றிக்கொண்டது. 'கார்டன்' என்ற சொல்லே வட பிரான்ஸின் 'கார்தின்' வழியாக வந்தது. தோட்டத்துக்கான பெயரையே கடன் வாங்கிய மொழி, தோட்டத்துக்குள் இருக்கும் மற்றவற்றின் பெயர்களும் தனக்குத் தெரியும் என்று எண்ணிக்கொள்வது இயல்பு.

'அலே' என்ற சொல்லைப் பாருங்கள். மரவரிசைகளுக்கோ வெட்டிவிட்ட வேலிகளுக்கோ நடுவே நேராக ஓடும் தோட்டப்பாதை அது. வெர்சாயில் ஆந்த்ரே லெ நோத்ர் அமைத்த தோட்டத்தில், அரச அலே 335 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். நடுவே புல் விரிந்திருப்பதால் பச்சைக் கம்பளம் என்றும் அதற்குப் பெயர். அரண்மனைப் பக்கம் நின்று பார்த்தால் கண் அந்தப் புல்வழியே இறங்கி, அப்பல்லோ குளத்தையும் அதற்கப்பால் பெருங்கால்வாயையும் தொட்டு அடிவானத்தில் போய் நிற்கும். இதை ஆங்கிலத்தில் 'ஆலி' என்று எழுதினால் என்ன ஆகும்? இன்றைய ஆங்கில வாசகருக்கு அது குப்பைத்தொட்டிகள் நிற்கும் சந்து. 'அலே'க்கு 'ஆலி' என்று பொருள் தரும் பழைய அகராதிகளைக் குறை சொல்ல முடியாது. 1625இல் பிரான்சிஸ் பேக்கன் தோட்டங்களைப் பற்றி எழுதியபோது 'ஆலி' நல்ல தோட்டச் சொல்லாகவே இருந்தது. பின்னர் அது நகரத்துக்குக் குடிபோய்ச் சீரழிந்தது. 'அவென்யூ' என்றும் தப்பிக்க முடியாது. அதுவும் பிரெஞ்சுச் சொல். மாளிகையை வந்தடையும் வழி அது, தோட்டத்துக்குள் உலவும் வழி அல்ல. ஆங்கிலத்திடமே பழைய எளிய சொல் ஒன்று இருக்கிறது: 'வாக்'. ஹாம்ப்டன் கோர்ட் தோட்டத்தில் 'பிராட் வாக்' இன்றும் இருக்கிறது. நடப்பதற்கான இடம் நடை. என் கைக்கு வந்தால் அதைத்தான் போடுவேன்.

'ஓத்தெல்' இதைவிடச் சிக்கல். பாரிஸின் மாரே பகுதியில் இருக்கும் ஓத்தெல் த சுல்லியில் அறை எடுத்துத் தங்க முடியாது. 17ஆம் நூற்றாண்டில் பெருஞ்செல்வர் ஒருவருக்காகக் கட்டிய நகர மாளிகை அது. நகர மன்றமும் ஓத்தெல்தான், பழைய மருத்துவமனை 'ஓத்தெல்-தியு'வும் ஓத்தெல்தான். தங்கும் விடுதி என்று எழுதும் பிழையை இன்று பலரும் செய்வதில்லை என்பது உண்மை. அடுத்த பிழையைத்தான் செய்கிறார்கள்: 'டவுன்ஹவுஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். லண்டனின் டவுன்ஹவுஸ் பக்கத்து வீட்டோடு சுவர் சேர்ந்து வரிசையில் நிற்கும். அதன் முன்கதவு தெருவைப் பார்க்கும். பாரிஸ் ஓத்தெலோ தெருவுக்கு முகம் காட்டாது. தெருவில் சுவரும் அந்த வண்டிக்கதவும் மட்டுமே தெரியும். உள்ளே முற்றம், முற்றத்தின் கோடியில் வீடு, வீட்டுக்குப் பின்னால் தோட்டம். முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே என்று பிரெஞ்சில் இந்த அமைப்புக்கே ஒரு தொடர் உண்டு. யார் உள்ளே வரலாம், எதுவரை வரலாம் என்பதெல்லாம் அந்த அடுக்கில் அடங்கியிருக்கிறது. திண்ணையை 'வராந்தா' என்று எழுதியதைப் படிக்கும்போது நமக்கு ஏற்படும் குறையே டவுன்ஹவுஸில் ஏற்படுகிறது. இங்கே ஒற்றைச் சொல்லைத் தேடக்கூடாது. ஓத்தெல் என்றே முதல்முறை எழுதி, முற்றத்தையும் தோட்டத்தையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே போகலாம். ஜான் எவ்லின் 1664இல் ஃப்ரெயார் த ஷாம்ப்ரேயின் கட்டடக்கலை நூலை ஆங்கிலமாக்கியபோது, கலைச்சொற்களை விளக்கித் தானே ஒரு கட்டுரை எழுதி உடன் சேர்த்தார். சொல் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சின்னச் சின்னப் பொறிகளும் உண்டு. 'மான்சார்த்' பிரெஞ்சில் கூரைக்குக் கீழே இருக்கும் சிறு அறை. ஆங்கிலத்தில் கூரையின் பெயர். பிரெஞ்சின் முதல் 'எத்தாழ்' லண்டனில் முதல் தளம், நியூயார்க்கில் இரண்டாம் தளம். யாருக்காக எழுதுகிறோம் என்று தெரியாமல் இதைத் தொடவே முடியாது.

ஒரு சொல்லின் ஒலி அப்படியே தங்கி, பொருள் நகர்ந்துவிட்ட கதை 'ஹா-ஹா'வுடையது. தெஸாலியே தார்ழான்வில் என்பவர் 1709இல் எழுதிய பிரெஞ்சுத் தோட்டக்கலை நூலில், அலேயின் கோடியில் மதிலைத் திறந்துவிட்டு, கம்பிக்கதவுக்குப் பதிலாக ஆழமான அகழியை வெட்டும் உத்தி வருகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தடையே தெரியாது. கிட்டே வந்தவர் திடுக்கிட்டு 'ஆ! ஆ!' என்பார், அதுவே பெயர். 1712இல் ஜான் ஜேம்ஸ் அதை மொழிபெயர்த்தபோது சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார். அந்த நூலில் அது மதிலில் ஒரு திறப்பு மட்டுமே. இங்கிலாந்திலோ வேலியையும் மதிலையும் நீக்கிவிட்டு எல்லை முழுவதும் அகழி வெட்டத் தொடங்கினார்கள். புல்வெளி அப்பால் மாடு மேயும் நிலத்தோடு ஒன்றாகிவிட்டதுபோல் தெரிந்தது. ஆங்கிலேயத் தோட்டமுறையின் பெரிய திருப்பமாக எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் இதைக் கருதி, தோட்ட வடிவமைப்பாளர் சார்லஸ் பிரிட்ஜ்மனுக்குப் பெருமை சேர்த்தார். பிரெஞ்சிலோ அகழிக்கு 'சோ-த-லூ', ஓநாய்த் தாவல் என்ற பெயர் நிலைத்தது. ஆகவே இன்று ஒரு பிரெஞ்சுத் தோட்ட ஆவணத்தில் ஓநாய்த் தாவல் வந்தால் உடனே 'ஹா-ஹா' என்று போடாமல், அது திறப்பா முழு எல்லையா என்று வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

அழகியலோடு இது நின்றிருந்தால் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். ஒப்பந்தங்களில் இந்தப் பிழை பணத்தையும் பொறுப்பையும் இடம் மாற்றிவிடும். 'மேத்ர் துவ்ராழ்', 'மேத்ர் தெவ்ர்' என்று இரண்டு தொடர்கள் பிரெஞ்சுக் கட்டுமான ஆவணங்களில் ஒவ்வொரு பக்கத்திலும் வரும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் இரண்டும் வேலையின் தலைவர்தான். ஆனால் முதலாமவர் யாருக்காகக் கட்டப்படுகிறதோ அவர். இடத்தையும் பணத்தையும் தேவையையும் தருபவர். இரண்டாமவர் வடிவமைத்து, கட்டுவதை மேற்பார்ப்பவர். பொதுப்பணிகளில் இவ்விருவர் கடமைகளையும் பிரித்து வரையறுக்க 1985இல் தனிச் சட்டமே வந்தது. முதலாமவரை ஆங்கிலத்தில் 'கிளையன்ட்' என்றால் போதும். இரண்டாமவரைப் 'பிரைம் கான்ட்ராக்டர்' என்று எழுதியவர், வரைபவரைக் கொண்டுபோய்க் கட்டுபவர் நாற்காலியில் உட்காரவைத்துவிடுகிறார். இதே தொடர் நடுக்காலத் தேவாலயம் பற்றிய நூலில் வந்தால், அவர் நம் பெருந்தச்சனைப் போன்றவர்; கல்லும் கணக்கும் அறிந்த தலைமைக் கைவினைஞர். ஒரே சொல், எழுநூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு மனிதர்கள்.

தோட்டக்காரர் பக்கத்திலும் இதேதான். 'பெய்சாழிஸ்த்' என்றால் நிலக்காட்சி ஓவியராக இருக்கலாம், புல் பதித்து மரம் நடும் ஒப்பந்தக்காரராக இருக்கலாம், பூங்காவை வடிவமைப்பவராகவும் இருக்கலாம். மூன்றாமவரை ஆங்கிலம் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்கிறது. பிரான்ஸில் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டம் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. அதற்கான தொழில்முறை மன்றம் 1940இல் ஏற்பட்டது. அதனால் பூங்கா வடிவமைப்பவர்களுக்கென்று 2016இல் வேறொரு பட்டத்தைச் சட்டம் உருவாக்கியது. பத்திரிகைக் கட்டுரையில் ஆங்கிலப் பட்டத்தைப் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஒப்பந்தத்தில் போட்டால், சட்டம் தர மறுத்த பட்டத்தை மொழிபெயர்ப்பாளர் தந்துவிடுகிறார்.

கடைசியாக, தெரிந்த முகங்களிலேயே மிகத் தெரிந்த முகம். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1923இல் வெளியிட்ட நூலின் பெயர் 'ஒரு கட்டடக்கலையை நோக்கி'. 1927இல் ஃபிரெடரிக் எட்செல்ஸ் அதை ஆங்கிலமாக்கி, தலைப்பில் 'புதிய' என்ற சொல்லைச் சேர்த்தார். அதைவிடப் பெரிய மாற்றம் உள்ளே நடந்தது. கட்டடக் கலைஞர்களுக்கு மூன்று நினைவூட்டல்கள் என்று வரும் பகுதியில் முதலாவது 'வொலூம்'. ஆங்கிலத்தில் 'வால்யூம்' கண்முன் இருக்கிறது. எட்செல்ஸ் 'மாஸ்' என்று எழுதினார். ஒன்று வெளியை அடைத்து நிற்கும் கன வடிவம், உள்ளே வெற்றிடம் உண்டு. மற்றது கெட்டியான, கனத்த திரள். 1932இல் ஹென்றி-ரசல் ஹிட்ச்காக்கும் ஃபிலிப் ஜான்சனும் அமெரிக்காவில் நவீனக் கட்டடக்கலைக்கு இலக்கணம் வகுத்தபோது, திரளை ஒதுக்கி வால்யூமையே முதல் கொள்கையாக வைத்தார்கள். அந்தப் புதுமையின் முன்னோடியோ ஆங்கிலத்தில் திரளைப் போதிப்பவராக நின்றுகொண்டிருந்தார். 2007இல் ஜான் குட்மனின் மொழிபெயர்ப்பு வந்து தலைப்பையும் வொலூமையும் மீட்டது.

இடையில் 80 ஆண்டுகள். கட்டடக்கலையை ஆங்கிலம் வழியே படிக்கும் நம் மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. எட்செல்ஸை வைத்துக்கொண்டு தமிழாக்குபவர் 'திரள்' என்றுதான் எழுதுவார். அவர் கையில் மூல நூல் வேண்டும். அதோடு பாரிஸை அடுத்த புவாசியில் நிற்கும், லெ கொர்பூசியே வடிவமைத்த வில்லா சவாயின் புகைப்படமும் வேண்டும். ஒல்லித் தூண்கள்மேல் புல்தரைக்கு மேலே தூக்கி வைத்த வெள்ளைப் பெட்டி அது. நீண்ட சன்னல் வழியே ஒருபுறம் நுழையும் வெளிச்சம் மறுபுறம் தெரியும்.