மெய்யுடைய மொழிக்கு இரவல் உடம்பு எதற்கு?



பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் ஆங்கிலப் பாடத் துணைநூல் ஒன்றைக் கொணர்ந்து எம்முன் விரித்தான். 'எம்பாடி' என்னும் ஆங்கில வினைக்கு 'உருவகப்படுத்து' என்று அந்நூல் பொருள் வரைந்திருந்தது. அதன்கீழ், "அவர் எளிமையை உருவகப்படுத்துகிறார்" என்றொரு சொற்றொடர். "ஐயா, இதற்கு என்ன பொருள்? தமிழில்தான் இருக்கிறது, ஆனால் விளங்கவில்லையே!" என்றான். அருகிலிருந்த ஆங்கில ஆசிரியர் நகைத்து, "விளங்காது தம்பி. அந்தக் கருத்தைச் சொல்லத் தமிழில் வினைச்சொல்லே கிடையாது" என்றார்.

சிறுவன் விளங்கவில்லை என்றதில் வியப்பில்லை. பிழையாய் எழுதியது யாருக்கும் விளங்காது. ஆசிரியர் 'கிடையாது' என்றாரே, அதுதான் எம் நெஞ்சைச் சுட்டது. தன் தாய்மொழி வறிய மொழி என்னும் எண்ணத்தை அப் பதினைந்து அகவைப் பிள்ளை அன்று வீட்டுக்குச் சுமந்து சென்றிருப்பான். ஒரு சொல்தானே என்று இதனை விட்டுவிடல் ஆகாது. இத்தகைய 'கிடையாது'கள் ஓராயிரம் சேர்ந்தே ஒரு தலைமுறையைத் தமிழினின்று பிரிக்கின்றன.

முதற்கண், அவ் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைக் காண்போம். 'பாடி' என்பது உடம்பைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். அதன் முன் ஒட்டிய 'எம்' என்பதோ இலத்தீனில் தோன்றிப் பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்த முன்னொட்டு. இவ் இரண்டும் கூடி 16ஆம் நூற்றாண்டில் அவ்வினை பிறந்தது. உயிர் உடம்பிற் புகுதலையே முதலில் குறித்தது. பண்பும் கொள்கையும் ஒருவரிடத்து உருப்பெறுதலைப் பின்னரே குறிக்கலாயிற்று. உடம்பு என்னும் எளிய சொல்லினின்று ஆங்கிலேயன் ஆக்கிக்கொண்ட சொல் அது, வானிலிருந்து வீழ்ந்ததன்று. அவன் ஆக்கலாம், நாம் ஆக்கலாகாது என்பது எந்த இலக்கணம்?

இனி, அவ்வினை இன்று வழங்கும் பொருள்கள் மூன்று. ஒன்று, ஒரு பண்பு ஒருவரிடத்து முழுமையாய் நிறைந்து, அவரைக் கண்டால் அதனையே கண்டதாக நிற்றல். இரண்டு, ஒரு சட்டமோ நூலோ ஒரு கொள்கையைத் தன்னகத்தே கொண்டிருத்தல். மூன்று, கண்காணாக் கருத்தொன்றுக்குக் கண்காணும் உருவளித்தல். ஆங்கிலம் இம் மூன்றையும் ஒரே சொல்லில் திணிக்கிறது. தமிழோ ஒவ்வொன்றுக்கும் உரிய சொல்லை உரிய இடத்தில் வழங்குகிறது. "அவ்வம்மையார் பொறுமையே வடிவானவர்" என்கிறோம். "தமிழே ஆட்சிமொழி என்னும் கொள்கையை 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தன்னகத்தே கொண்டுள்ளது" என்கிறோம். "சிற்பி தன் எண்ணத்திற்குக் கல்லில் உருக்கொடுத்தான்" என்கிறோம். இவற்றுள் எது விளங்கவில்லை? எது குறைந்துவிட்டது? மூன்று பொருளுக்கு மூன்று வழக்குடைய மொழி வறியதாம். மூன்றுக்கும் ஒன்றையே வைத்து இடர்ப்படும் மொழி வளமுடையதாம்! இஃதென்ன கணக்கு?

இருக்கும் வழக்கை மறந்தவர் கையாளும் போலிச் சொற்களையும் பார்ப்போம்.

'உருவகப்படுத்து' என்பது அணியிலக்கணச் சொல். மதிபோலும் முகத்தை 'மதிமுகம்' என்றால் உவமை. அதனையே 'முகமதி' என மாற்றி முகத்தை மதியாகவே கூறினால் உருவகம். அஃது ஒன்றை வேறொன்றாகப் புலவன் புனைந்துரைப்பது. எளிமையாய் வாழும் ஒருவரிடம் எளிமை புனைந்துரையாக இல்லை; மெய்யாகவே இருக்கிறது. அதனை உருவகம் என்பது அவர் வாழ்வைக் கற்பனை என்பதாகும்.

நாளேடுகள் 'பிரதிபலிக்கிறார்' என்று எழுதுகின்றன. இது வடசொல் என்பது ஒருபுறமிருக்க, பொருளும் பொருந்தாது. கண்ணாடி எதிரே நிற்பதைக் காட்டும். தனக்கென ஒன்றும் கொண்டிராது. பண்பைத் தன்னுள் கொண்டவரைக் கண்ணாடி என்பது புகழா, பழியா?

வேறு சிலர் 'அன்பின் அவதாரம்' என்பர். அவதாரம் என்னும் வடசொல்லின் வேர்ப்பொருள் கீழிறங்குதல். மேலுலகினின்று ஒருவர் கீழிறங்கினார் என்னும் நம்பிக்கை அதனுள் அடங்கியுள்ளது. தம் உழைப்பாலும் ஒழுக்கத்தாலும் மேலேறிய மாந்தரைக் கீழிறங்கியவர் என்பது எத்துணை முரண்! 'அன்பே உருவானவர்' என்னும் தமிழில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. உண்மை மட்டுமே உண்டு.

ஒரே வினைச்சொல்தான் வேண்டும் என்று பிடிவாதம் செய்வார்க்கும் தமிழ் விடையிறுக்கும். உடம்புக்குத் தமிழர் இட்ட பெயர்களுள் ஒன்று 'மெய்'. உண்மைக்கும் அதுவே பெயர். உடம்பையும் உண்மையையும் ஒரே சொல்லாற் குறித்த நம் முன்னோர், உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுதலை 'மெய்ப்பாடு' என்றனர். நகையும் அழுகையும் பெருமிதமும் வெகுளியும் உள்ளிட்ட மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்து, தொல்காப்பியர் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலையே அதற்கென ஒதுக்கினார். மெய்ப்பாடு என்னும் பெயர் இருக்க, 'மெய்ப்படுத்து' என்னும் வினைக்கு என்ன தடை? "தாம் உரைத்த கொள்கையைத் தம் வாழ்வில் மெய்ப்படுத்தினார்" என்று சொல்லிப் பாருங்கள். கொள்கை உடம்பு பெற்றது, உண்மையும் ஆயிற்று என்னும் இரு பொருளும் ஒரு சொல்லில் நிற்கின்றன. ஆங்கிலச் சொல்லில் உடம்பு மட்டுமே உண்டு, உண்மை இல்லை.

இன்னும் ஒன்று. உயிர் 12, மெய் 18, இரண்டும் கூடிய உயிர்மெய் 216 என்று முதல் வகுப்பிலேயே நம் குழந்தை கற்கிறது. உயிர் மெய்யிற் கலந்து இயங்குதலை எழுத்திலேயே வைத்த இனத்தைப் பார்த்தா, 'அக்கருத்துக்குச் சொல் கிடையாது' என்பது?

சொல்லுக்குக் குறைவில்லை என்று காட்டிவிட்டோம். ஆயின் அச்சொல் நம்மை நோக்கி ஒரு வினா எழுப்புகிறதே! 1876இல் பிறந்த வேதாசலம் 1916இல் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்டபின் மறைமலையடிகள் ஆனார். அவர்தம் 'ஞானசாகரம்' 'அறிவுக்கடல்' ஆயிற்று. கொள்கை அவர் பெயரிலும் ஏட்டிலும் மெய் பெற்றது. பாவாணர் தம் வாழ்நாளைச் சொல்லாய்வுக்கே ஈந்து, 1981இல் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றியபின் நோயுற்று மறைந்தார். அவர்கள் தமிழே உருவானவர்கள்.

நாமோ? மேடையில் தூயதமிழ், இறங்கியதும் 'தேங்க்ஸ்'. கட்டுரையில் தாய்மொழிக் கல்வி. நம் பிள்ளைக்கு ஆங்கிலவழிப் பள்ளி. மகனுக்கு வடமொழிப் பெயர். கேட்டால் வீட்டார் விருப்பமாம். 'எம்பாடி'க்கு இனமான 'பெர்சானிபை' என்றொரு சொல் ஆங்கிலத்தில் உண்டு. நாடக முகமூடியைக் குறித்த 'பெர்சோனா' என்னும் இலத்தீன் சொல்லினின்று வந்தது அது. நாம் அணிந்திருப்பது தமிழ்மெய்யா, தமிழ் முகமூடியா என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டு எண்ணிப் பார்க்க வேண்டும்.

அம்மாணவனை மறுநாள் அழைத்து, 'மெய்ப்படுத்து' என்னும் சொல்லை எழுதிக் காட்டினோம். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நம்மிடமே இருந்திருக்கிறதே ஐயா!" என்றான். அவன் முகத்தில் அன்று கண்டதும் ஒரு மெய்ப்பாடே. தொல்காப்பியர் அதனைப் பெருமிதம் என்பார்.

அப்பெருமிதத்தை ஒவ்வொரு தமிழ்ப்பிள்ளைக்கும் மீட்டுத் தருவோம். சொல்லைத் தந்தால் மட்டும் போதாது. அச்சொல்லாக நாம் வாழ்ந்து காட்டல் வேண்டும்.