மேரோமின் நீரும் நம் ஏரிகளும்

“நீர் தேங்கிக் கிடக்கும் நிலம் வீண் நிலம், அதை வடித்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதே முன்னேற்றம்” என்னும் வாதம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை இதனைக் கேட்கலாம். மனை விற்பவர் சொல்கின்றனர், படித்தவர் சொல்கின்றனர், ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும் நாமும் சொல்கின்றோம். இவ்வாதம் தவறானது என்பதை விவிலிய நாட்டின் ஓர் ஏரியே மெய்ப்பித்துள்ளது.

யோசுவா நூலில் வரும் மேரோம் நீர்நிலை என மரபாகக் கருதப்படுவது ஊலா ஏரி. யோர்தான் ஆறு அவ்வேரியிலும் அதனைச் சூழ்ந்த சதுப்பிலும் தங்கித் தெளிந்து, பின்னரே கலிலேயக் கடலை அடைந்தது. வேளாண் நிலம் வேண்டும், மலேரியா ஒழிய வேண்டும் என்று கூறி, 1951 முதல் 1958 வரை அதனை வடித்தனர். மலேரியாவோ அதற்கு முன்பே பெரிதும் அடங்கியிருந்தது. நீர் வடிந்ததும் சதுப்பின் கரிமண் காய்ந்தது, மண்ணுக்குள்ளேயே தீப்பற்றியது, நிலம் தாழ்ந்தது, புழுதி எழுந்தது. முன்பு சதுப்பு தடுத்து நிறுத்திய உப்புச்சத்துகள், பேதுரு வலை வீசிய கலிலேயக் கடலுக்குள் பாய்ந்தன. அங்கு மட்டுமே வாழ்ந்த தவளை இனம் ஒன்று அற்றுப்போனதாக 1996-இல் அறிவிக்கப்பட்டு, 2011-இல்தான் மீண்டும் காணப்பட்டது. இறுதியில், 1994-இல் அந்நிலத்தின் ஒரு பகுதியில் மீண்டும் நீரை நிரப்பினர். வடித்தவர்களே நிரப்ப வேண்டியதாயிற்று! இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேறென்ன வேண்டும்?

நம் மண்ணுக்கு வருவோம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்றே அழைத்தனர். மேட்டு ஏரி நிரம்பினால் நீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு இறங்கும். மதகு வழியே ஆயக்கட்டுக்குப் பாயும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழுள்ள ஊர் மழையில் மூழ்கும், கோடையில் வாடும். ஏரி அழியும் முறையும் நாம் அறிந்ததே. முதலில் வற்றிய நீர்ப்பிடிப்பில் ஒரு போகம் பயிரிடுவர். பிறகு வரப்பு எழும். பிறகு பட்டா கேட்பர். இறுதியில் மனைக்கல் நடுவர். உழவின் பெயரால் தொடங்குவது உழவையே விழுங்கி முடிகின்றது.

2015 டிசம்பர் முதல் நாளை மறந்துவிட்டோமா? 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. மேலுள்ள சிற்றேரிகள் தம் பங்கைத் தாங்கும் வலிமையோடு இருந்தால்தான் பேரேரியின் சுமை குறையும். அவற்றைத் தூர்த்துவிட்டு வானத்தைப் பழிப்பது அறமன்று.

“வேலை வேண்டாமா?” எனக் கேட்பர். வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் இங்கு எழுந்த கார்த் தொழிற்சாலை பல வீடுகளில் அடுப்பெரியச் செய்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால், 2006-இல் திருப்பெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் உற்பத்தியை நிறுத்தியது. தொழிற்சாலை வரும், போகும். தூர்ந்த ஏரி எளிதில் திரும்பாது.

பரந்தூரைப் பார்ப்போம். 2022-இல் அறிவிக்கப்பட்ட வானூர்தி நிலையத் திட்டப் பரப்புக்குள் வயல்களும் ஏரிகளும் கம்பன் கால்வாயும் அடங்குகின்றன. ஏகனாபுரம் மக்கள் தொடர்ந்து எதிர்த்தனர். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தனர். அவர்களை முன்னேற்றத்தின் பகைவர் என்போர் நாபோத்தின் கதையை மீண்டும் படிக்கட்டும். ஆகாபு அரசன் வேறு தோட்டமோ விலையோ தருவதாகத்தான் சொன்னான். மூதாதையர் உரிமையை விற்க மாட்டேன் என்றதே நாபோத்தின் குற்றம். இறைவன் அரசன் பக்கம் நிற்கவில்லை.

சதுப்பு நிலங்களை விளைநிலமாக மாற்றும்போது எண்ணற்ற உயிர்கள் அழிகின்றன என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலின் 39-ஆம் எண் எச்சரிக்கின்றது. அத்திருமடலைப் பற்றிக் கருத்தரங்கு நடத்திய நாம், ஏரியுள் போட்ட மனையை மலிவு என்பதற்காக வாங்குகின்றோம். புதுமனைப் புகுவிழாவுக்குப் பங்குத்தந்தையை அழைத்துத் தீர்த்தமும் தெளிக்கச் செய்கின்றோம். நீர்நிலையைக் கொன்ற இடத்தில் எந்த நீரைத் தெளிப்பது?

வேறு புகலிடமின்றி ஏரிக்கரையில் குடிசை போட்ட ஏழையை நாம் சாடவில்லை. மாற்றிடம் தராமல் அவனை விரட்டிவிட்டு, சுற்றுச்சுவர் எழுப்பிய செல்வரைத் தொடாது விடும் நீதியையே சாடுகின்றோம்.

ஆதலின் நம் கடமை மூன்று. மனை வாங்குமுன் பழைய நில ஆவணங்களில் அது நீர்நிலையா எனப் பார்ப்போம். கிராம சபை கூடும்போது நம் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாயைப் பற்றிக் கேள்வி எழுப்புவோம். நம் பங்கின், நம் நிறுவனங்களின் நிலத்தையும் அதே அளவுகோலால் அளப்போம். ஏதேன் தோட்டத்தில் மனிதனுக்கு உழும் பணியோடு காக்கும் பணியும் தரப்பட்டது. முதலாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாவதை மறப்பது விசுவாசம் ஆகாது.