பத்துக்குக் கீழே

மருத்துவமனை வேலைக்கு வருபவர்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை மூன்று தவணை போட்டுக்கொள்கிறார்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தைச் சோதித்தால் ஒருவருக்கு ஆன்டிபாடி அளவு ஆயிரத்தைத் தாண்டுகிறது; கூடவே போட்டுக்கொண்டவருக்கு ஐந்துகூட இல்லை. 10 இருந்தால் பாதுகாப்பு என்பது கணக்கு. குறைந்தவர் மருந்தைச் சந்தேகிக்கிறார், அல்லது தன் உடம்பில் தெம்பில்லை என்று நொந்துகொள்கிறார். இரண்டுமே அவசர முடிவு.

ஆரோக்கியமான பெரியவர்களிலேயே நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இப்படி ஆகிறது. பிறவியிலேயே அமைந்த காரணம் ஒன்று உண்டு. கிருமியின் துணுக்கை எடுத்துத் தற்காப்பு அணுக்களுக்குக் காட்டும் எச்.எல்.ஏ. புரதங்கள் ஆளுக்கு ஆள் வேறு. அவற்றில் சில வகை உடையவர்களுக்கு இந்த ஊசி சரியாக ஏறுவதில்லை. அதே ஆள் டெட்டனஸ் ஊசிக்கு நன்றாகவே பதில் தரலாம். வயதும் சேர்ந்துகொள்கிறது: 60ஐ எட்டும்போது ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குத்தான் போதிய அளவு வருகிறது. புகை, பருமன், டயாலிசிஸ் எல்லாம் பலனைக் குறைக்கும். பிட்டத்தில் போட்டால் மருந்து தசைக்குப் போகாமல் கொழுப்பில் தங்கிவிடுவதுண்டு. பெரியவர்களுக்குத் தோள்பட்டையில் போடச் சொல்வது அதனால்தான். ஊசி போட்ட பிறகு காய்ச்சல் வந்ததா இல்லையா என்பதை வைத்து மட்டும் அது பலித்ததா என்று சொல்லிவிட முடியாது.

நோய்த்தொற்றில் இந்த வேறுபாடு இன்னும் கடுமை. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் குழந்தைகளில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு வைரஸ் நிலையாகத் தங்கிவிடுகிறது. பெரியவர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பச்சிளம் உடம்பு அதை எதிர்க்காமலே விட்டுவைக்கிறது. பெரியவரின் உடம்பு பாய்கிறது. கல்லீரலைப் புண்ணாக்கிக் கண்ணை மஞ்சளாக்குவது பெரும்பாலும் வைரஸ் அல்ல, வைரஸ் புகுந்த அணுக்களை அழிக்கும் அந்தப் பாய்ச்சல்தான். ஆக, நோய் முற்றி வந்தவரை எதிர்ப்புச் சக்தி இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடச் சொல்வது, பச்சிளம் உடம்பில் வைரஸ் இப்படித் தங்கிவிடுவதால்தான்.

ஒருமுறை 10ஐத் தாண்டியவருக்குப் பத்தாண்டு கழித்து அளவு இறங்கினாலும், நினைவு அணுக்கள் பொதுவாக விழித்துக்கொள்ளும். தாண்டாதவர் இன்னொரு சுற்று போட்டுக்கொள்ள வேண்டும். பாதிப் பேராவது அதில் தேறிவிடுகிறார்கள். அதிலும் தேறாதவர் தன் நிலையை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நோயாளிக்குக் குத்திய ஊசி தப்பித் தவறித் தன் கையில் பட்டால், கூடியவரை 24 மணி நேரத்துக்குள் அவருக்குத் தேவைப்படுவது இன்னொரு தடுப்பூசி அல்ல, ஆன்டிபாடியாகவே கிடைக்கும் இம்யூனோகுளோபுலின்.