வேலை மாறும் வேளை

யாழ்ப்பாணத்திலிருந்து தாயார் ஒருவர் எமக்குக் கடிதம் விடுத்துள்ளார். அவருடைய மகன் நியூயோர்க் நகரிலே பெரிய சட்ட நிறுவனமொன்றில் ஐந்தாவது ஆண்டாகக் கடமையாற்றுகின்றாராம். மூத்தவர் ஒருவர் கூறிய கடுஞ்சொல்லைப் பொறாது, இந்த ஐப்பசியிலேயே விலகி வேறிடஞ் சேரப்போவதாகத் தாயாருக்குச் சொல்லியிருக்கின்றார். பிரக்கிராசியாயிருந்த தம் தகப்பனார் பெயர்ப்பலகையை ஒருநாளேனும் இடம்மாற்றியதில்லை என்றும், பேரன் இப்படி மாறுவது குடும்பத்துக்கு இழுக்காகாதா என்றும் அம்மையார் வினவுகின்றார்.

இழுக்கில்லை என்பதே எமது விடை. அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற இரு பிரிவுகளும் 1974 இல் ஒன்றாகிச் சட்டத்தரணி என்ற ஒரே பெயர் வருமுன், பாட்டனார் காலத்தில் பலகையும் அவருடையது, கந்தோரும் அவருடையது. தம்முடையதை விட்டு அவர் எங்கே போவார்? பேரனின் நிலை வேறு. நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் உள்ள நிறுவனத்தில், இலாபத்திற் பங்குடையோர் பங்காளர். சம்பளத்துக்கு உழைப்போர் அசோசியேட் எனப்படுவோர். அவர்கள் நிறுவனம் மாறுவது அங்கே அன்றாட வழக்கம். ஆகவே, மாறலாமா என்பதிலும் எப்போது மாறுவது என்பதே ஆராயத்தக்கது.

முதலாவது, ஆண்டுக் கணக்கு. அந்நகரின் பெரிய நிறுவனங்களிலே சம்பளமும் போனசும் பெரும்பாலும் சேவையாண்டின் வரிசைப்படி அமைவன. 2023 இன் இறுதியிற் பல நிறுவனங்கள் பின்பற்றிய அளவின்படி, ஐந்தாம் ஆண்டினருக்குச் சம்பளம் 365,000 டொலர். போனஸ் 90,000 டொலர். இப்பணம் பொதுவாக டிசெம்பரிலோ, புத்தாண்டு பிறந்தபின் சில வாரங்களிலோ வழங்கப்படும். அன்றைய தினம் பெயர்ப்பட்டியலில் இல்லாதவருக்கு அது கிடைப்பது அரிது. ஐப்பசியில் விலகுபவர், கதிர் முற்றும் வேளையில் வயலை விட்டுப் போகும் கமக்காரனுக்கு ஒப்பாவார். புதிய நிறுவனம் அந்த இழப்பை ஈடுசெய்வதும் உண்டு. ஆனால் அதைக் கேட்டு, எழுத்திற் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வாழ்க்கைக் கணக்கு. முதல் இரண்டாண்டுகளில் விலகுபவர் தொழிலைச் சரிவரக் கற்றிருக்கமாட்டார். மூன்று முதல் ஆறாண்டு அனுபவமுள்ளவரையே நிறுவனங்கள் விரும்பித் தேடுகின்றன. ஏழெட்டாண்டு கடந்தபின், பங்காளராக உயர்த்துவதா என்ற கேள்வி எழுந்துவிடும். அதற்குமுன் ஒருவரைப் பழகிப் பார்க்கப் புதிய இடத்தாருக்குச் சில ஆண்டுகள் வேண்டும். ஆதலால், அடுத்த போனஸ் வரட்டும், அதற்கடுத்ததும் வரட்டும் என்று காத்திருப்பவருக்குக் கதவு மெல்ல மெல்ல ஒடுங்கிவிடும். அவசரத்தினாற் கெட்டவரைப் போலவே, தாமதத்தினாற் கெட்டவரும் பலர்.

மூன்றாவது, கட்சிக்காரர் கணக்கு. பழைய இடத்தில் ஒருவர் யாருக்காக வழக்காடினாரோ, அவருக்கு எதிராகப் புதிய நிறுவனம் வழக்காடிக்கொண்டிருக்கலாம். அத்தகைய முரண்பாடு உண்டா எனச் சோதித்த பின்னரே வேலை உறுதியாகும். இதற்குச் சில வாரங்களும் செல்லக்கூடும். அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் 2012 இல் தன் மாதிரி ஒழுக்கவிதிகளைத் திருத்தி, இச்சோதனைக்கு வேண்டிய அளவு தகவலை மாத்திரம் வெளியிட இடமளித்தது. அதற்குமேல் ஒரு சொல்லும் வெளியிடலாகாது. ஆகவே சோதனை முடிந்து, நியமனக் கடிதம் கைக்கு வந்த பின்னரே விலகல் கடிதம் கொடுத்தல் வேண்டும். விலகும்போதும் கையிலுள்ள வேலைகளை ஒழுங்காக ஒப்படைக்க வேண்டும். விசாரணை நடுவில் ஒரு கட்சிக்காரரைத் தவிக்கவிட்டுப் போனவர் என்ற பெயர், எந்தச் சம்பளத்தாலும் கழுவப்படாதது.

நிற்க. அந்தக் கடுஞ்சொல்லை நாம் மறந்துவிடவில்லை. அம்மையாரே, மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த மூத்தவர் நாளையே இன்சொல் பேசினால், தம்பி அங்கேயே இருக்க விரும்புவாரா? ஆம் எனில், இது வேலை மாறும் வேளையன்று. கோபம் ஆறும்வரை பொறுக்கும் வேளை. இல்லை, தாம் கற்க விரும்பும் தொழில் அங்கே இல்லை, மேலே செல்ல வழியும் இல்லை என்பாரானால், மாறுவதே நன்று. இப்போதே தேடத் தொடங்கட்டும். நல்ல இடம் அமையச் சில மாதங்கள் பிடிக்கும். ஐப்பசியிற் பேசத் தொடங்கினால், போனஸ் கைக்கு வந்தபின் தையில் விடைபெறுவது பொருத்தமாயிருக்கும்.

இதற்கும் ஒரு விலக்குண்டு. நாள்தோறும் அவமதிப்பும் உறக்கமின்மையுமாய்ப் பிள்ளையின் உடல்நலம் குன்றுகின்றதென்றால், 90,000 டொலரையும் எண்ணிப் பார்க்க வேண்டாம். உடனே வெளியேறச் சொல்லுங்கள். அவ்வாறில்லையெனில், பதறாத காரியம் சிதறாது என்ற நம் முதுமொழியை அடுத்த தொலைபேசி அழைப்பில் அவருக்கு நினைவூட்டுங்கள். தாயின் வாயிலிருந்து வரும்போது அது கடுஞ்சொல்லின் காயத்துக்கும் மருந்தாகும்.