திருடனுக்குக் கதவு திறக்காதீர்!

"நீங்கள் ரோபோ அல்ல என்று காட்டுங்கள்" என்று கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டம் வரும். டிக் அடிப்போம். வழக்கம்தான்.

2024 முதல் இதிலே ஒரு தில்லுமுல்லு பரவியிருக்கிறது. "விண்டோஸ் பட்டனோடு 'ஆர்' அழுத்து, அப்புறம் கன்ட்ரோல் 'வி', என்டர் தட்டு" என்கிறது போலிக் கட்டம். டிக் அடித்ததுமே, மறைந்திருக்கும் ஸ்கிரிப்ட் ஒரு கள்ளக் கட்டளையைக் காப்பி செய்துவிடுகிறது. அதை ஒட்டி ஓடவிடுவது நம் கை! பேங்க் பாஸ்வேர்டு பறிபோகும்.

பிரவுசர் தடுக்காதா? வீட்டுக்காரனே கதவைத் திறந்தால் பூட்டு என்ன செய்யும்?

உண்மையான சோதனை இப்படிக் கேட்காது. கேட்டால் பக்கத்தை மூடுங்கள். தட்டியாச்சா? நெட்டைத் துண்டியுங்கள்; வேறு கருவியில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். குமாஸ்தா பயந்து மறைக்க வேண்டாம். முதலாளியும் சீற வேண்டாம். பணம் போனால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள். தாமதம் திருடனுக்கே லாபம்!