ஈயம் எங்கே ஒட்டியிருக்கிறது?



துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகும் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஐயா, ரிவால்வர் குழலுக்குள் ஈயம் ஒட்டுகிறது. தேய்த்து எடுத்தாலும் மறுபடி வருகிறது. ஏன்?"

தேய்ப்பதற்கு முன் ஈயம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள் என்றேன். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். குண்டில் இருப்பது காரீயம். அது 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். குண்டு குழலை அடைத்துக்கொண்டு போகாமல் சற்றுச் சிறிதாக இருந்தால், வெடிமருந்தின் சூடான வாயு பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை அரித்துச் சுவரில் அப்பிவிடும். அப்போது உருளையை ஒட்டிய தொடக்கத்திலேயே படிவு தெரியும். உருளையின் துளை குழலுக்கு நேராக நிற்காவிட்டாலும் அங்கேதான் ஈயம் சீவப்படும். குழலின் நுனிப்பக்கம் மட்டும் படிந்தால், குண்டில் தடவிய மெழுகு பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது என்று பொருள். காரணத்தைச் சரிசெய்யாமல் வெண்கலப் பிரஷ்ஷால் தேய்ப்பது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது போல. (ஈயத்தூள் நஞ்சு. தேய்த்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.)

வாத்தியாருக்கு ரிவால்வர் எதற்கு என்று சிரிக்காதீர்கள். 1857 பாடத்தின் திறவுகோல் இதில்தான் இருக்கிறது.

நம் செஞ்சிக் கோட்டைக்காகப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதிய காலத்தில், சிப்பாய்களின் துப்பாக்கிக் குழல் பெரும்பாலும் உள்ளே வழவழப்பானது. குண்டு தளர்வாக இறங்கும், கொழுப்புத் தேவையில்லை. 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியிலோ குழலுக்குள் திருகுபோல வரிகள் வெட்டியிருந்தார்கள். சுட்டதும் குண்டு விரிந்து அந்த வரிகளைப் பிடித்துக்கொள்ளும். ஈயமும் மருந்துக் கரியும் படிந்து குழல் அடைக்காதிருக்கத்தான் தோட்டாவில் கொழுப்புத் தடவினார்கள்.

குழலுக்கு அது சரியான மருந்து. ஆனால் தோட்டாவின் காகிதத்தைச் சிப்பாய் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அந்த வாயை யாரும் நினைக்கவில்லை. பசு, பன்றிக் கொழுப்பு கலக்காது என்று உறுதிசெய்ய ஏற்பாடும் இல்லை. 1857 ஜனவரி இறுதியில், கொழுப்பில்லாத தோட்டா தருகிறோம், நீங்களே எண்ணெயும் தேன்மெழுகும் தடவிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதற்குள் காகிதத்தின் மீதே சந்தேகம் வந்துவிட்டது. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். மே 10 அன்று மீரட் எழுந்தது. 51 ஆண்டுகளுக்கு முன்பே, 1806இல், நம் பக்கத்து வேலூரில் தலைப்பாகை விஷயத்தில் பாடம் கிடைத்திருந்தும் கும்பெனியார் கற்கவில்லை.

என் கருத்து இதுதான். "கொழுப்புத் தடவிய தோட்டா" என்று மட்டும் சொல்லி, ஏன் தடவினார்கள் என்று சொல்லாமல் விட்டால், சிப்பாய்கள் வதந்திக்கு மயங்கியவர்கள் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். காரணத்தைச் சொன்னால், பிழை எங்கே என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். நல்ல மெழுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். இந்தப் பாடம் எடுக்கும்போது, அறிவியல் புத்தகத்தையும் கூடவே திறந்துவையுங்கள்.