ஒரே குற்றத்திற்கு இரண்டு பெயர்களா?

ஊக்கமருந்தைப் பிறநாட்டான் உண்டால் அஃது ஏமாற்று. தன்னாட்டான் உண்டால் அது தெரியாமல் நேர்ந்த பிழை! உலக விளையாட்டரங்குகளில் அரை நூற்றாண்டாக வழங்கிவரும் அகரமுதலி இதுதான். வென்றவன் உடலை நாட்டின் உடலாகத் தோளில் தூக்கி ஆடும் அரசுகளும் செய்தித்தாள்களும், அவ்வுடலில் மருந்து கண்டறியப்பட்ட அன்றைக்கே அதனை எவனோ ஒருவனுடைய உடலாக்கி இறக்கிவிடுகின்றன. இறக்க மனம் வாராதவிடத்து, அம்மருந்தையே மூலிகைச் சாறு என்கின்றன.

1988-ஆம் ஆண்டு செபுதம்பர் 24-ஆம் நாள், தென்கொரியத் தலைநகர் சியோலில் நடந்த ஒலிம்பிக்கு 100 மீட்டர் ஓட்டத்தில் கனடா நாட்டுப் பென் சான்சன் 9.79 நொடியில் முதல்வராக வந்தார். அமெரிக்கராகிய காரல் உலூயிசு 9.92 நொடியில் இரண்டாமவர். மூன்றே நாளில், சான்சனின் சிறுநீரில் சுட்டானோசொலால் என்னும் தசைபெருக்கும் மருந்து இருந்ததென்று பதக்கத்தைப் பறித்தனர். பறித்தது முறையே. அவர் மருந்துண்டவர், அடுத்த ஆண்டு உசாவற்குழுவின் முன் தாமே ஒப்புக்கொண்டவர்.

ஆனால், அவர் பெயருக்கு முன்னால் நின்ற அடைமொழி என்னாயிற்று என்பதை மொழியறிந்தார் ஓர்தல் வேண்டும். வென்ற நாளில் அவர் 'கனடியர்'. மருந்து வெளிப்பட்ட பின்னர்க் கனடியச் செய்தித்தாள்கள் சிலவற்றில் அவர் 'யமேக்காவில் பிறந்தவர்' ஆனார், 'குடியேறியவர்' ஆனார். அவரோ 1976-இல் பதினான்கு அகவைச் சிறுவராக அந்நாட்டிற் புகுந்து, அங்கேயே ஓடிப் பழகியவர். பன்னிரண்டு ஆண்டு ஒட்டியிருந்த பெயர் மூன்று நாளில் கழன்று விழுந்தது. கறுப்புத் தோலர்க்குக் குடியுரிமையை இவ்வளவு தளர்வாகத்தான் தைத்துக் கொடுப்பர் போலும்! (ஒன்றை மறைத்தல் கூடாது: கனடிய அரசு நடுவர் தூபின் தலைமையில் உசாவற்குழு அமைத்துத் தன் வீட்டுக் குப்பையைத் தானே தெருவறியக் கூட்டித் தள்ளியது. அந்நெஞ்சுரம் பிற நாடுகளுக்கு எளிதில் வரவில்லை.)

பதக்கம் உலூயிசிடம் சென்றது. தூய்மையின் உருவாக அவரை முன்னிறுத்தினர். அவ்வுலூயிசு அதே 1988-இல், சியோலுக்குச் செல்லுமுன், அமெரிக்கத் தேர்வுப் போட்டிகளின்போது மூன்று ஆய்வுகளில் சிக்கியவர் என்பது 2003-இல்தான் வெளிவந்தது. அமெரிக்க ஒலிம்பிக்குக் குழுவின் மருந்துத் தடுப்புப் பொறுப்பில் முன்பிருந்த மருத்துவர் உவேடு எக்சம் ஆவணங்களை வெளிப்படுத்தினார். முதலில் தகுதியிழந்தவர் எனப்பட்டவர், மேன்முறையீட்டில் 'தெரியாமல் உண்டார்' என விடுவிக்கப்பட்டிருந்தார். அவரிடம் கண்டவை சளி மருந்துகளிலும் உள்ள கிளர்ச்சிப் பொருள்கள். சான்சன் உண்டதோடு ஒப்பிடின் அவை சிறியவையே. அக்கால நெறிப்படி அவ்விடுவிப்புச் சரியே என்று பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பும் கூறிற்று. சரியெனில், பதினைந்து ஆண்டு பெட்டிக்குள் பூட்டிவைத்தது எதற்கு? வேற்று நாட்டான் ஒருவன் அதே சளி மருந்தைச் சொல்லியிருந்தால் அமெரிக்கா செவி கொடுத்திருக்குமா? தமக்கு மட்டுமன்று, நூற்றுக்கணக்கானோர்க்கும் இவ்வாறே விடுவிப்புக் கிடைத்தது என்றார் உலூயிசு. அதுவே தமக்கு அரண் என்று கருதினார் போலும்!

மூன்றாவதாக வந்த பிரித்தானியர் இலின்போர்டு கிறித்தியும் அதே சியோலில் ஓர் ஆய்வில் சிக்கினார். சின்செங்கு வேர்த் தேநீரால் வந்தது என்றனர். ஒலிம்பிக்குக் குழுவினர் வாக்கெடுத்து, பதினொருவர்க்குப் பதின்மர் என்னும் ஒரே வாக்கு மிகையில் அவரை விடுவித்தனர். 1999-இல் நாந்துரோலோன் என்னும் மருந்திற்காக ஈராண்டு விலக்கப்பட்டவரும் அவரே. அவ்வோட்டத்தில் முதல் ஐவராக வந்தோருள் எந்த ஆய்விலும் சிக்காதவர் காலவின் சுமித்து ஒருவரே. நான்காவதாக ஓடிவந்து, பின்னர் வெண்கலம் பெற்ற அவர் பெயரை எத்தனைபேர் அறிவர்?

ஒரே இனத்தாராகிய செருமானியர் இரு நாடாகப் பிரிந்திருந்த காலத்துச் செய்தி இதனினும் கொடிது. கிழக்குச் செருமனி 1974 முதல் '14.25' என எண்ணிட்ட அரசுத் திட்டத்தின்படி, வளரும் பருவத்துச் சிறுமியர்க்கு உயிர்ச்சத்து என்று பொய்யுரைத்து நீலநிற வில்லைகளை ஊட்டியது. குரல் தடித்தது, உடலில் மயிர் அடர்ந்தது, பின்னாளில் ஈரல் கெட்டோரும் பிள்ளைப்பேற்றில் துன்புற்றோரும் பலர். அதற்காக 2000-இல் பெர்லின் வழக்குமன்றம் அந்நாட்டு விளையாட்டுத் தலைவராயிருந்த மான்பிரெடு ஈவால்டைக் குற்றவாளி எனத் தீர்த்தது. நன்று. மேற்குச் செருமனி என்ன செய்தது? தசை மருந்துகள் பற்றிய ஆய்வுகளுக்கு அதன் கூட்டாட்சி விளையாட்டறிவியல் நிறுவனம் அரசுப் பணம் தந்ததை 2013-இல் ஆய்வாளர் வெளிக்கொணர்ந்தனர். 1987-இல் அந்நாட்டு எழுவகைப் போட்டியாளர் பிரிகித்து திரெசல், மருந்துகள் மண்டிய உடலோடு இருபத்தாறாம் அகவையில் துடித்து மாண்டார். பெர்லினில் நடந்தது போன்ற பெருவழக்கு மேற்கின் விளையாட்டுத் தலைவர்மேல் நடக்கவில்லை. கிழக்கில் ஊட்டியது கொடுங்கோன்மை. மேற்கில் ஊட்டியது மருத்துவ ஆராய்ச்சி!

இன்றும் இவ்வகரமுதலி மாறவில்லை. 2021-இல் சீன நீச்சலர் 23 பேர் ஆய்வில் சிக்கியபோது, விடுதிச் சமையலறையில் மருந்து கலந்துவிட்டது என்றது சீனம். உலக ஊக்கமருந்துத் தடுப்பமைப்பும் அதை ஏற்றது. 2024-இல் செய்தி வெளிப்பட்டதும் அமெரிக்கா கொதித்தெழுந்தது. அவ்வமைப்பிற்கு அவ்வாண்டு தரவேண்டிய 36 இலக்கம் தாலரைத் தராமல் நிறுத்தியது. கொதித்தது பிழையன்று. ஆனால், அந்நாட்டுப் பல்கலைக்கழகப் போட்டியமைப்போ பெருந்தொழில் விளையாட்டுக் கூட்டமைப்புகளோ அவ்வமைப்பின் சட்டத்தில் கையொப்பமிட்டவை அல்ல.

இந்திய அரசு மட்டும் இதற்கு விலக்கா? 2010-இல் தில்லிப் பொதுநலநாட்டுப் போட்டியின் 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் பொன் வென்ற மகளிர் நால்வருள் மூவர் 2011-இல் சிக்கினர். அவர்களும் சின்செங்கைத்தான் சொன்னார்கள். அவர்களிடம் கண்டது தசை மருந்தாகலின், இம்முறை அவ்வேர் காக்கவில்லை. ஓராண்டு விலக்கைப் பன்னாட்டு விளையாட்டு நடுவர்மன்றம் 2012-இல் ஈராண்டாக்கியது. அமைச்சரோ உக்கிரேனியப் பயிற்சியாளரை நீக்கிக் கைகழுவினார். பொன் வந்தபோது அது நாட்டின் பொன். பழி வந்தபோது அஃது அயலானின் பழி.

2023-இல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளுள் 213-இல் மருந்து இருந்தது. ஐயாயிரத்திற்கு மேல் ஆய்வு செய்த நாடுகளுள் இதுவே மிக உயர்ந்த அளவு. அவ்வாண்டு செபுதம்பரில் தில்லி மாநிலத் தடகளப் போட்டி நடந்துகொண்டிருக்கையில், மருந்தாய்வு அலுவலர் வந்துள்ளனர் என்னும் செய்தி அரங்கினுள் பரவியது. ஆடவர் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் எண்மர் நிற்கவேண்டிய கோட்டில் ஒருவர் நின்றார். அவர் தனியே ஓடி முடித்தார்.